ஐந்து நட்சத்திரம் வாங்கினோம். மாட்டத் தெரிந்த கை எங்கே?

(டிசம்பர் 14, 2025, ஞாயிறு மாலை நம் கம்யூனிட்டி ஹாலில் நடந்த எரிசக்தி சேமிப்பு தினக் கூட்டத்தில் பேசியது. செய்திமடலுக்காகக் கொஞ்சம் சீர்செய்து எழுதியிருக்கிறேன்.)

செயற்குழு நண்பர்களும் மற்ற எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை மாலை டி.வி.யை அணைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். டி.வி.யை அணைத்ததே இன்றைக்கு முதல் சேமிப்பு.

செகரட்டரி சார் என்னிடம், "மின்சாரச் சேமிப்பு பற்றி ஒரு பதினைந்து நிமிஷம் பேசுங்கள்" என்றார். நான் பி.காம். படித்து, வங்கியில் 39 வருஷம் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவன். எனக்கு மின்சாரம் தெரியாது, வரவு செலவு தெரியும். அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் நம் சம்ப் மோட்டார் எரிந்துபோனது ஞாபகம் இருக்கும். இரண்டு நாள் லாரித் தண்ணீர் வாங்கினோம். அப்போது இருந்தது 5 எச்.பி. மோட்டார். அவசரத்துக்கு வந்த ஆள், "பெரிசாப் போட்டுடுங்க சார், பின்னாடி தொந்தரவு இருக்காது" என்றார். 7.5 எச்.பி. போட்டோம். நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியது, நல்ல கம்பெனி. அந்த பில்லில் கையெழுத்துப் போட்டதும் நான்தான், அப்போது நான் ட்ரெஷரர்.

புது மோட்டார் வந்ததும் பொது மீட்டர் பில் குறையும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை, கூடியது. வெயில், விருந்தாளிகள், லிஃப்ட் என்று ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டோம். போன ஆகஸ்டில் சோலார் பேச்சு வந்தபோது, முதலில் ஒரு எனர்ஜி ஆடிட்டரை அழைத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. அவர் கருவியை ஒயரில் மாட்டி அளந்தார். மோட்டார் இழுப்பது ஐந்தரை கிலோவாட். பிறகு டேங்குக்குப் போகும் குழாயைப் பார்த்துவிட்டு, "இந்த வால்வை ஏன் பாதி மூடி வைத்திருக்கிறீர்கள்?" என்றார்.

ஏன் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. நம் எலக்ட்ரீஷியன் தம்பிதான் சொன்னார்: "முழுசாத் திறந்தா பிரஷர் தாங்காம ஜாயின்ட் லீக் ஆகுது சார். அதான் மாட்டினவரு பாதி மூடிட்டுப் போனாரு."

நம் உயரத்துக்கும் நம் குழாய் அளவுக்கும் அந்த மோட்டார் பெரிசு. காசு கொடுத்து அழுத்தத்தை உண்டாக்கி, வால்வை மூடி அந்த அழுத்தத்தைக் கொன்றுகொண்டிருந்தோம். மாட்டு வண்டியில் ஒரு கையால் சாட்டையை வீசி, மறு கையால் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிப்பதுபோல. அதே தண்ணீரை ஏற்ற 4 கிலோவாட் போதும் என்றார் ஆடிட்டர்.

இனி என் கணக்கு. வீணானது ஒன்றரை கிலோவாட். தினம் 5 மணி நேரம் ஓடினால் ஏழரை யூனிட். வருஷத்துக்கு சுமார் 2,700 யூனிட். மூன்று வருஷத்தில் 8,000 யூனிட்டுக்கு மேல். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலே 65,000 ரூபாய். வீட்டு மீட்டருக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கிறது. பொது மீட்டருக்கு அந்தச் சலுகையும் கிடையாது. அவ்வளவும் நம் மெயின்டனன்ஸ் பணம்.

மோட்டாரில் குறையில்லை. மாட்டியவர் உயரத்தையும் தண்ணீர் அளவையும் கணக்குப் போடவில்லை, அதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. கணக்குப் போடத் தெரிந்தவரைத் தேட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு நான் பேச வந்தது இதைத்தான். மின்சாரச் சேமிப்பு என்றால் சாமான் வாங்குவது என்று நினைத்துவிட்டோம். அதைச் சரியாக மாட்டி, சரியாகப் பராமரிக்கும் கையைப் பற்றி யோசிப்பதே இல்லை.

இதில் நம்மை மட்டும் குறை சொல்ல முடியாது. நாடு முழுக்க அப்படித்தான் போனது. 2001-ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தது. 2002-ல் எரிசக்தித் திறன் செயலகம் தொடங்கியது. 2006-ல் நட்சத்திர முத்திரை வந்தது. 2015-ல் உஜாலா திட்டத்தில் எல்.இ.டி. பல்புகள் மலிவாகக் கிடைத்தன, இதுவரை 36 கோடிக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். பெரிய சாதனை. ஆனால் பல்பு மாட்டப் பயிற்சி வேண்டாம். பழையதைத் திருகிக் கழற்றி, புதியதைத் திருகி மாட்டினால் முடிந்தது. நான்கூடச் செய்தேன்.

அந்த சுலபமான சேமிப்பு முடிந்துவிட்டது. இனி மிச்சம் இருப்பது மோட்டார், ஏசி, லிஃப்ட், புது மாதிரி ஃபேன், மொட்டைமாடி சோலார். இவை எல்லாம் தெரிந்தவர் கை பட்டால்தான் மிச்சம் பிடிக்கும்.

ஃபேனையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். ஒரு ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். சி பிளாக் மாமி நான்கு வாங்கினார். ஒன்று நின்றுபோனது. உள்ளே இருப்பது எலக்ட்ரானிக் போர்டு. வந்தவருக்குப் பழைய காயிலும் கண்டென்சரும்தான் தெரியும். "இதெல்லாம் ரிப்பேர் ஆகாது மாமி" என்று சொல்லி, பரணில் இருந்த பழைய ஃபேனை எடுத்து மாட்டிவிட்டுப் போய்விட்டார். 30 வாட் மறுபடி 75 வாட் ஆனது.

ஏசி விஷயம் இன்னும் கஷ்டம். அதில் என் தவறையும் சொல்லியாக வேண்டும்.

போன வருஷம் அக்னி நட்சத்திர சமயத்தில், எங்கள் வீட்டு ஏசியை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு மாற்ற ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயசு இருக்கும், விழுப்புரம் பக்கம். 1,800 ரூபாய் கேட்டான். நான் பேரம் பேசி 1,300-க்கு முடித்தேன். வீட்டம்மாவிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

அவுட்டோர் யூனிட்டை மாட்ட, மூன்றாவது மாடி ஜன்னல் வழியாக சன்ஷேடில் இறங்கினான். இடுப்பில் கயிறு இல்லை. ஒரு கையால் ஜன்னல் கம்பி, மறு கையால் ஸ்பானர். "தம்பி, கயிறு கட்டிக்கப்பா" என்றேன். "பழகிடுச்சு சார்" என்றான். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு உயிரே இல்லை. ஆனாலும் வேலையை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏசி ஓட வேண்டும் என்ற எண்ணம்தான் பெரிதாக இருந்தது.

காபி குடிக்கும்போது பேச்சுக் கொடுத்தேன். பத்தாவது வரை படித்தவன். ஊர்க்கார அண்ணன் ஒருவரின் டூல் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு வருஷம் சுற்றியதுதான் அவன் படிப்பு. மாதச் சம்பளம் கிடையாது, ஏசிக்கு இவ்வளவு என்று கூலி. மார்ச்சிலிருந்து ஜூன் வரை மூச்சு விட நேரம் இருக்காது. மழைக் காலத்தில் வேலை இல்லை, அப்போது சாப்பாடு டெலிவரிக்குப் போய்விடுவான்.

ஏசியை இடம் மாற்றினால், காப்பர் குழாய்க்குள் புகுந்த காற்றையும் ஈரத்தையும் வேக்வம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகுதான் கேஸைத் திறந்துவிட வேண்டும். இதை ஆடிட்டர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். அன்று அந்தப் பையன் அதைச் செய்யவில்லை. கொஞ்சம் கேஸை வெளியே விட்டு, அது காற்றைத் தள்ளிவிடும் என்று விட்டுவிட்டான். ஈரமும் காற்றும் உள்ளே இருந்தால் கம்ப்ரெஸர் திணறும், கரண்ட் அதிகம் இழுக்கும், குளிர் குறையும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. இரண்டு தடவை கேஸ் நிரப்பினேன். பேரத்தில் மிச்சம் பிடித்த 500 ரூபாய் எங்கே போனது என்று தெரியவில்லை.

இந்த ஏப்ரலில் வேறு வீட்டுக்கு வந்தவனைப் பிடித்துக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவன் சாதாரணமாகச் சொன்னான்: "வேக்வம் போட அரை மணி நேரம் ஆகும் சார். பம்பும் சொந்தமா இல்ல, வாடகைக்கு எடுக்கணும். நீங்க குறைச்ச காசுல அது எப்படி சார் வரும்?" எனக்குப் பதில் இல்லை.

இது பணத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. இப்போது வரும் பல ஏசிகளில் இருக்கும் ஆர்-32 வாயு லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது. சிலவற்றில் ஆர்-290, அதாவது புரொப்பேன். நம் சமையல் கேஸின் குடும்பம். பழைய கேஸுக்குப் பழகிய கை, அதே பழக்கத்தில் இதைத் தொட்டால் ஆபத்து. அந்த வித்தியாசத்தை அந்தப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அரசாங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2019 மார்ச்சில் வெளியிட்ட இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டத்தில், 2022-23-க்குள் ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவது என்று இலக்கு வைத்தார்கள். அனுபவத்தில் கற்றவர்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், குளிர்சாதன மெக்கானிக் இரண்டுக்கும் இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. மேல்மட்டத்தில் எனர்ஜி ஆடிட்டர் ஆவதற்கு தேசிய அளவில் தேர்வே நடக்கிறது.

பிறகு எங்கேதான் சிக்கல்? நமக்கு வந்த ஆடிட்டர் ஒரு வார்த்தை சொன்னார்: "ரிப்போர்ட் எழுத நாங்க இருக்கோம் சார். எழுதினதைச் செஞ்சு முடிக்கத்தான் ஆள் தேட வேண்டியிருக்கு." மாடியில் ஆள் இருக்கிறார்கள், படிக்கட்டில் இல்லை.

படிக்கட்டில் ஏன் ஆள் ஏறவில்லை என்பதற்கு என் சொந்த அனுபவத்திலிருந்து ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

நான் 1982-ல் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த நாளில் வங்கி ஊழியர்களுக்கு சி.ஏ.ஐ.ஐ.பி. என்று ஒரு பரீட்சை உண்டு. பகலெல்லாம் கவுன்டரில் உட்கார்ந்துவிட்டு, ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு படித்தோம். அறிவு தாகம் என்று சொல்ல மாட்டேன். பாஸ் பண்ணினால் இன்க்ரிமென்ட், அதற்காகத்தான் படித்தோம். படிக்கப் படிக்க வேலையும் புரிந்தது.

1989 வாக்கில் எங்கள் கிளைக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். மற்ற நாளெல்லாம் துணி உறை போட்டு மூடி வைத்திருந்தோம், ஏனென்றால் யாருக்கும் ஓட்டத் தெரியாது. சில மாதம் கழித்து எங்களில் இரண்டு பேரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சம்பளமும் கொடுத்து, சாப்பாடும் போட்டு, சொல்லிக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் உறையைக் கழற்றினோம். மெஷின் வாங்கிய அன்று செலவுதான் ஏறியது. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் வரவு வந்தது.

அந்த ஏசிப் பையன் பயிற்சிக்குப் போனால் அத்தனை நாள் கூலி போகும். சான்றிதழோடு வந்தாலும் நான் அதே 1,300-தான் கொடுப்பேன். பக்கத்தில் சான்றிதழ் இல்லாதவன் 1,200 கேட்டால் அவனைக் கூப்பிடுவேன். பிறகு அவன் எதற்காகப் படிக்க வேண்டும்? அரசாங்கம் சான்றிதழ் கொடுக்கலாம். அதற்கு விலை கொடுக்க வேண்டியது கூப்பிடுகிற நாம்தான். நாம் யாராவது ஒரு தடவையாவது "நீங்கள் எங்கே பயிற்சி எடுத்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறோமா? நான் கேட்டதில்லை. "கொஞ்சம் குறைச்சுக்கோப்பா" என்றுதான் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பி.இ. இல்லாவிட்டால் பி.காம். என்று வளர்ந்தவர்கள் நாம். ஐ.டி.ஐ. என்றால் முகம் சுளிப்போம். நம் வீடுகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கும் அதே எண்ணம் நம்மிடமிருந்துதான் போகிறது. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும். பத்தாவது முடித்த பிள்ளை இருக்கிறதென்று உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா சொன்னால், இதைச் சொல்லுங்கள். பெண் பிள்ளையாக இருந்தாலும் எலக்ட்ரீஷியன் டிரேடு சொல்லுங்கள்.

இப்போது நம் சொந்த விஷயத்துக்கு வருகிறேன். செயற்குழுவின் முன் மூன்று யோசனை வைக்கிறேன்.

முதலாவது, நம் எலக்ட்ரீஷியன் தம்பி. இந்த மைக்கை இணைத்துக் கொடுத்துவிட்டு அதோ கதவுப் பக்கம் நிற்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். ஏழு வருஷமாக நம்மிடம் இருக்கிறார். அந்த வால்வு விஷயம் அவருக்கு மூன்று வருஷமாகத் தெரியும். "ஏன் தம்பி சொல்லலை?" என்றேன். "நான் சொன்னா யாரு சார் கேப்பாங்க, என்கிட்ட என்ன சர்டிபிகேட்டா இருக்கு?" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் இன்று என்னை இங்கே நிற்க வைத்தது. கண்டுபிடிக்கும் மூளை நம்மிடம் சம்பளத்திலேயே இருந்தது. பேசும் தைரியத்தை நாம் கொடுக்கவில்லை.

தமிழக அரசு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று நடத்துகிறது. ஒயரிங் வேலையில் ஐந்து வருஷ அனுபவமும் 21 வயதும் நிரம்பியவர் எழுதலாம். அவருக்கு இரண்டும் இருக்கிறது. கட்டணத்தை அசோசியேஷன் கட்டட்டும். படிக்கவும் எழுதவும் சம்பளத்தோடு விடுப்பு கொடுப்போம். பாஸ் பண்ணினால் மாதம் 1,500 ரூபாய் உயர்வு என்று இப்போதே எழுத்தில் கொடுப்போம். அடுத்து சோலார் பராமரிப்புப் பயிற்சிக்கும் அனுப்புவோம்.

இரண்டாவது, ஏசி. நம் 64 வீடுகளில் நூறு ஏசிக்கு மேல் இருக்கிறது. ஆளாளுக்குக் கோடையில் பேரம் பேசுவதை விட்டு, ஜனவரி, பிப்ரவரியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம் போடுவோம். நிபந்தனை மூன்று: பயிற்சி பெற்ற ஆள், வேக்வம் பம்ப், இடுப்புக் கயிறு. கூலி நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை. வேலை இல்லாத மாதத்தில் அவர்களுக்கு வேலை கிடைக்கும். ஏப்ரலில் நமக்கு அவசரம் இருக்காது.

மூன்றாவது, சோலார். மத்திய அரசின் சூர்யகர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொது உபயோகத்துக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. போட வேண்டியதுதான். ஆனால் கொட்டேஷனில் விலைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் சேர்ப்போம்: மாட்டப்போவது யார், அவருக்கு என்ன பயிற்சி, அடுத்த ஐந்து வருஷம் யார் வந்து பார்ப்பார்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். மோட்டாரில் பட்டது போதும்.

இதைச் செயற்குழுவில் சொன்னபோது ஒருவர் நியாயமாகவே கேட்டார்: "நாம் செலவு செய்து படிக்க வைப்போம். சர்டிபிகேட் வந்ததும் பக்கத்து அபார்ட்மென்டில் இரண்டாயிரம் கூடக் கொடுத்தால் போய்விடுவாரே?"

போகலாம். என்னோடு பயிற்சிக்கு வந்தவர் இரண்டு வருஷத்தில் வேறு வேலைக்குப் போனார். வங்கி அதற்காகப் பயிற்சியை நிறுத்தவில்லை. இதை நான் மொய் மாதிரி பார்க்கிறேன். அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் எழுதுகிறோம், நம் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரோ எழுதுகிறார்கள். யாருமே எழுதாவிட்டால் யாருக்கும் வராது. இந்தத் தெருவில் இருக்கும் ஒவ்வொரு அபார்ட்மென்டும் ஒரே ஒருவரைப் படிக்க வைத்தால், யார் எங்கே போனாலும் தெருவுக்கு நஷ்டமில்லை. கணக்காகவே பார்த்தாலும், ஒரு பாதி மூடிய வால்வுக்கு 65,000 ரூபாய் கொடுத்தோம். இந்தத் தம்பியின் உயர்வு வருஷத்துக்கு 18,000.

முடித்துக்கொள்கிறேன். ஜனவரி பொதுக்குழுவில் இந்த மூன்றும் தீர்மானமாக வருகிறது. எதிர்ப்பதானால் காரணத்தோடு வந்து எதிர்த்துப் பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஏசி ஒப்பந்தத்தில் சேர விரும்புபவர்கள் ஆபீஸில் இருக்கும் நோட்டில் ஃபிளாட் நம்பரும் ஏசி எண்ணிக்கையும் எழுதுங்கள். முதல் பெயர் என்னுடையது.

புது 5 எச்.பி. மோட்டார் போன மாதம் வந்தது. மாட்டும்போது ஆடிட்டர் பக்கத்தில் நின்று சொல்ல, நம் தம்பிதான் மாட்டினார். வால்வு இப்போது முழுசாகத் திறந்திருக்கிறது, லீக் இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் போகும் வழியில் மோட்டார் ரூமை எட்டிப் பாருங்கள். அவரே விளக்கிச் சொல்வார்.